சர்ப்பகந்தாவை மறந்த தில்லி

ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கப்படும் மருந்து, மனச்சிதைவு நோயாளியின் கொந்தளிப்பையும் தணிக்குமா? பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு 2013-ல் ஒரு வியப்பான பதிலைத் தந்தார்கள். சோடியம் நைட்ரோபுருசைடு என்பது, ரத்த அழுத்தம் அபாய அளவுக்கு உயரும்போது மருத்துவமனையில் ரத்தநாளம் வழியே செலுத்தப்படும் பழைய மருந்து. அதை மிகக் குறைந்த அளவில், 4 மணி நேரம், மனச்சிதைவு நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சோதனையில் பங்கேற்ற நோயாளிகள் மொத்தம் 20 பேர்தான். மருந்து பெற்றவர்களிடம் சில மணி நேரத்திலேயே முன்னேற்றம் தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பிரிட்டனில் 2016-ல் வெளியான சிறிய சோதனையில் பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 52 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வெளிவந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் உண்மையான மருந்து பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்றது அது.

தோல்விச் செய்திதானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. காப்புரிமை காலாவதியாகி, எந்த நிறுவனத்துக்கும் பெரிய லாபம் தராத ஒரு மருந்தைப் பற்றிக் கேள்வி எழுந்தது. ஆறே ஆண்டுகளில் அதற்கு ஆம், இல்லை என்று விடை கண்டார்கள். பிரேசிலில் எழுந்த கேள்விக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் விடை தேடின. உலகிலேயே அதிக மனநோயாளிகளைக் கொண்ட நாடுகளுள் ஒன்றான இந்தியாவின் குரல் இந்த விவாதத்தில் பெரிதாக ஒலிக்கவில்லை என்பதுதான் வேதனை. ஏனென்றால், இந்தக் கேள்வியை நவீன மருத்துவ இதழொன்றில் முதன்முதலில் எழுப்பியதே இந்தியாதான். ஆண்டு 1931.

அந்த ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஓர் இந்திய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். சர்ப்பகந்தா என்ற வேரை, பைத்தியத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான புதிய இந்திய மருந்து என்று அதன் தலைப்பே அறிவித்தது. வேரின் பொடியை 20 முதல் 30 கிரெய்ன் வரை, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு கிராம் வரை, நாளொன்றுக்கு இருமுறை கொடுத்தால் உறக்கம் வருகிறது, ரத்த அழுத்தம் தணிகிறது, மூர்க்கமும் அடங்குகிறது என்று அவர்கள் எழுதினார்கள். பீகாரில் சாதாரண மக்கள் அந்த வேரை 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கான மருந்து, என்றே அழைத்துவந்தார்கள். கிராமத்து வைத்தியர் அறிந்திருந்ததை, அளவும் விளைவும் குறித்து, பிறர் சோதித்துப் பார்க்கும்படி எழுதி வைத்ததே அந்த இருவரின் சாதனை. (தாவரவியலில் அச்செடிக்கு வைத்த பெயரோ 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ராவ்வுல்ஃபின் பெயர். வேர் நம்முடையது, பெயர் அவருடையது.)

அதே 1931-ல் தில்லியிலும் ஒரு முக்கியமான நிகழ்வு. கரோல் பாகில் இன்றும் இயங்கிவரும் ஆயுர்வேத - யுனானி திப்பியா கல்லூரியை அறியாத தில்லித் தமிழர் குறைவு. 1921-ல் காந்தியடிகள் திறந்துவைத்த கல்லூரி அது. அதை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், அதே ஆண்டு இறுதியில் ஆமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்கு, சிறையிலிருந்த சி.ஆர். தாஸுக்குப் பதிலாகத் தலைமை வகித்தவர். பரம்பரை யுனானி மருத்துவரான அவர், நாட்டு மருந்துகளை ரசாயனக் கூடத்தில் ஏற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்று விரும்பினார். அதற்காக ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்திகியை அழைத்தார். அஜ்மல் கான் 1927-ல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் சித்திகி, சர்ப்பகந்தா வேரிலிருந்து பல ரசாயனப் பொருள்களைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தன்னை அழைத்தவரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தைக் கண்டறிய அந்தப் பொருளை இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன.

ஆக, நோயாளிகள் கல்கத்தாவில் இருந்தார்கள். ரசாயனக் கூடம் தில்லியில் இருந்தது. இரண்டையும் இணைக்க ஆளில்லை. தில்லியில் பிரித்தெடுத்த படிகங்களுக்கு வேரின் மன அமைதி தரும் குணம் முழுமையாக வாய்க்கவில்லை. அந்தக் குணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கல்கத்தா ஆய்வாளர்கள் பின்னர் நெருங்கினார்கள். 1943-ல் குப்தா, தேவ், கஹாலி ஆகியோர் மனநோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். மறு ஆண்டில், பீகாரிலிருந்து வந்த வேரின் பிசின் பகுதிக்கு உறக்கம் தரும் ஆற்றல் இருப்பதாக எழுதினார்கள். படிகத்தை எடுத்தபின் எஞ்சும் அந்தப் பிசினுக்குள்தான் விடை இருந்தது. இந்தியா கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. கதவைத் திறந்ததோ சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இருந்த சீபா நிறுவனம். 1952-ல் அதன் விஞ்ஞானிகளான முல்லர், ஷ்லிட்லர், பெய்ன் மூவரும் அந்தப் பிசின் பகுதியிலிருந்து 'ரிசர்பின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அது 'செர்ப்பாசில்' என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

எட்டு ஆண்டு இடைவெளி. அந்த எட்டு ஆண்டுகளில் இங்கே போர், பஞ்சம், விடுதலை, பிரிவினை அனைத்தும் நடந்தேறின. கல்கத்தா ஆய்வாளர்களை யாரும் குறை சொல்ல முடியாது. வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த 1943-ல் அவர்கள் இந்த ஆய்வைச் செய்தார்கள் என்பதே பெரிது. சித்திகியோ 1951-ல் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் அறிவியல் நிறுவனங்களைக் கட்டியெழுப்பினார்.

இடையில் பம்பாயில் இருந்து ஒருவர் உலகின் கவனத்தைத் திருப்பினார். கே.இ.எம். மருத்துவமனையின் இதய நோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 ரத்த அழுத்த நோயாளிகளுக்கு சர்ப்பகந்தா கொடுத்த முடிவுகளை 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்துவிட்டுத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். அழுத்தம் குறைந்ததோடு அவர்களின் மனமும் இலகுவானதை அவர் கவனித்தார். இரண்டு ஊர்களிலும் ஒரே மருந்து, ஒரே அனுபவம்.

மனநோய்ப் பக்கம் திரும்பியது ஆமதாபாத் வழியாக. ஆர்.ஏ. ஹக்கீம் என்ற மருத்துவர் மனநோய்க்கு நாட்டு மருந்துகள் தரும் பயன் பற்றி 1953-ல் பரோடாவில் நடந்த குஜராத் - சௌராஷ்டிர மருத்துவ மாநாட்டில் கட்டுரை படித்தார். அதற்குப் பதக்கம் கிடைத்த செய்தி நியூயார்க் நாளிதழ் வரை போனது. அதைப் படித்தவர்களுள் ஒருவர் நேதன் க்ளைன். நியூயார்க் மாகாணத்து ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். தம் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சர்ப்பகந்தாவையும் ரிசர்பினையும் சோதித்து, 1954-ல் முடிவுகளை வெளியிட்டார். மருந்து வேலை செய்வதை முதலில் கண்டுகொண்டவர் ஜன்னல் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி என்று ஒரு கதை உண்டு. உடைபடும் கண்ணாடிகள் திடீரெனக் குறைந்துபோக, என்ன நடக்கிறது இங்கே என்று அவர் கேட்டாராம். 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தார்கள். அதன்பின் அந்த எண்ணிக்கை சரியத் தொடங்கியது. பிரான்சில் 1952-ல் புழக்கத்துக்கு வந்த குளோர்புரோமசினும் ரிசர்பினும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

1957-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ்கர் விருது க்ளைனுக்கும் வழங்கப்பட்டது, வக்கீலுக்கும் வழங்கப்பட்டது. ஆகவே, வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று முழங்குவதில் பொருளில்லை. நம் கட்டுரைகளை அவர்கள் படித்தார்கள், எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதினார்கள், நம்மவரைப் பாராட்டினார்கள். நாம்தான் நம் கட்டுரைகளைப் படிக்கவில்லை.

ரிசர்பின் எப்படி வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சியிலிருந்துதான் இன்றைய மனநோய் அறிவியலின் பெரும்பகுதி முளைத்தது. நரம்பணுக்கள் டோபமைன், செரடோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களைச் சிறு சிறு பைகளில் சேமித்து வைக்கின்றன. களஞ்சியத்துக்கு மூட்டைகளைக் கொண்டுசேர்க்கும் ஆளைத் தடுத்துவிட்டால் களஞ்சியம் காலியாகும் அல்லவா? ரிசர்பின் செய்வது அதைத்தான். ரத்தக்குழாய்களுக்குப் போகும் நரம்புகளில் நார்அட்ரினலின் தீர்ந்துபோவதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளையில் டோபமைன் குறைவதால் மனக் கொந்தளிப்பு தணிகிறது. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். முயல்கள் மீண்டும் எழுந்தன. 1957-ல் வெளியான அந்த ஆய்வு பார்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு வழி திறந்தது. மனச்சிதைவு பற்றிய டோபமைன் கோட்பாட்டுக்கும் அடித்தளமானது. 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை மேலும் இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

மருந்தின் ஆயுள் மட்டும் நீளவில்லை. ரிசர்பின் மெதுவாகவே பலன் தரும். ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடும் அபாயமும் உண்டு. மனச்சோர்வை உண்டாக்குகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு விசித்திரமானது. 1955-ல் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு முறைப்படி நடத்திய சோதனையில், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பின் நன்மையே செய்தது. அந்தக் கட்டுரையை அன்று பொருட்படுத்தியவர் சிலரே. ரிசர்பின் மனச்சோர்வைத் தரும் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே அண்மைக்கால மறுமதிப்பீடுகள் சொல்கின்றன. எப்படியிருப்பினும், குளோர்புரோமசினும் அதன் வாரிசுகளும் 1960-களில் ரிசர்பினை மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேற்றிவிட்டன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வாரிசு மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட நோயாளிகள் பலருக்கு, முகமும் நாக்கும் தாமாக அசையும் தீராத் தொல்லை வந்தது. அதற்காக 2017-ல் அமெரிக்கா வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற இரு மருந்துகளுக்கு அனுமதி தந்தது. அவை தடுப்பது எதை? ரிசர்பின் தடுத்த அதே மூட்டை தூக்கும் ஆளைத்தான். அங்கே அவற்றுக்கு ஒரு நோயாளி ஆண்டொன்றுக்குக் கொடுக்கும் விலை பல்லாயிரம் டாலர். பீகார் கிராமத்து வேர் தொட்ட இடத்தையே புதிய காப்புரிமையோடு சுற்றிவந்து தொட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தாப் பொடி வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிடக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் வலுவான பொருள் அது. தவிர, காட்டில் அந்தச் செடி அரிதாகிவிட்டது. அழிவின் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது 1990-லேயே சேர்க்கப்பட்டது.

இனி இன்றைய தில்லிக்கு வருவோம். இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. எந்தத் தேர்தல் ஆணையத்திலும் பதிவு செய்யாத கட்சிகள். எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே, இனி ஆராய என்ன இருக்கிறது என்பது ஒன்று. நாட்டு வேரில் என்ன இருந்துவிடப் போகிறது என்பது மற்றொன்று. முதல் கட்சிக்கு 2014-ல் தனி அமைச்சகமே கிடைத்தது. இரண்டாவது கட்சி நவீன மருத்துவ நிறுவனங்களின் குழு அறைகளில் அமர்ந்திருக்கிறது. கணநாத் சென் இரண்டு கட்சியிலும் சேராதவர். ஆயுர்வேதமும் நவீன மருத்துவமும் ஒருசேரக் கற்றவர். இரண்டையும் இணைக்கும் துறையொன்று பெங்களூரு நிமான்ஸில் செயல்படுகிறது. நல்ல தொடக்கம்தான். நாடு முழுவதற்கும் அது ஒன்று போதாது.

பணத்தின் கதை இன்னும் தெளிவானது. ஆராய்ச்சிக்காக இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பது 2020-21-க்கான அரசுக் கணக்கு. இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லி 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்ற எதிர்பார்ப்போடு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை மேலும் 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் துறையின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியின்றி நீண்டகால நிதி தரும் திட்டம் அது. நோக்கம் நல்லது. ஆனால் ரிசர்பினைப் போலவோ நைட்ரோபுருசைடைப் போலவோ காப்புரிமை முடிந்துபோன ஒரு மருந்தை மனநோய்க்குச் சோதிக்க எந்தத் தனியார் நிறுவனம் கடன் வாங்கும்? சோதனை வெற்றி பெற்றால் லாபம் யாருக்கும் தனியாகச் சேராது. தோற்றால் கடன் மட்டும் மிஞ்சும். இத்தகைய சோதனைகளை அரசு செய்யாவிட்டால் யாரும் செய்யப் போவதில்லை.

இழப்பு யாருக்கு? 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனப்பிறழ்வு நோய் கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய நாளைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அவர்களைச் சங்கிலியில் கட்டியவர்களுள் கொடுமைக்காரர்கள் இருந்திருக்கலாம். மருந்துக்கு வழியற்ற குடும்பங்கள்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டன. 2024-25 மத்திய நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கு நேரடியாக ஒதுக்கப்பட்டது சுமார் 1,000 கோடி ரூபாய். அதிலும் பெரும்பகுதி நிமான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. மலிவான பழைய மருந்துகளில் எவை மனநோய்க்கு உதவும், எவை உதவாது என்ற கேள்வி, பணக்கார நாடுகளைக் காட்டிலும் நமக்குத்தான் அவசரமானது.

ராஞ்சி, தேஜ்பூர், தில்லி, சென்னை கீழ்ப்பாக்கம் என அரசு மனநல நிறுவனங்கள் நாடெங்கும் இருக்கின்றன. இவற்றை ஒரே வலையாக இணைத்து, ஒரே விதிமுறையில் சோதனை நடத்தினால், அமெரிக்கா 52 பேரைக் கொண்டு கண்ட விடையை நாம் சில நூறு பேரைக் கொண்டு இன்னும் உறுதியாகக் காணலாம். அதற்கு விண்கலம் ஏவும் செலவு ஆகாது. மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது 2009 முதல் இங்கே கட்டாயம். எனவே கணக்கில் வராமல் நடத்துவதற்கும் இடமில்லை.

ஒரு நியாயமான அச்சம் உண்டு. ஏழை நோயாளிகளைச் சோதனை எலிகளாக்கிய வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2013-ல் கண்டித்தது. அதன் விளைவுகளுள் ஒன்றே 2019-ன் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள். சோதனையில் பாதிப்புக்கு உள்ளானால் இழப்பீடு தர அவை வகைசெய்கின்றன. மனநோயாளியின் நிலை இன்னும் நுட்பமானது. ராக்லண்டில் 1954-ல் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இன்றைய பொருளில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 99-வது பிரிவு அப்படி விடாது. நோயாளி தானாக, விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும்; சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர் என்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையங்கள் வெறும் பெயர்ப்பலகையாக இருக்கும் மாநிலத்தில் இத்தகைய சோதனையைத் தொடங்கவே கூடாது. எனவே வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆண்டுதோறும் நிதிநிலைக் கூட்டத்தொடரில் சுகாதார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகள் பல ஆண்டுகளில் விவாதமின்றியே நிறைவேறிவிடுகின்றன. அடுத்த கூட்டத்தொடரில் நம் உறுப்பினர்கள் அமைச்சரிடம் ஒரே ஒரு கேள்வியாவது எழுத்துமூலம் கேட்கலாம்: காப்புரிமையாளர் இல்லாத மருந்துகளை மனநோய்க்குச் சோதித்துப் பார்க்க இந்த ஆண்டு எத்தனை ரூபாய், எந்த நிறுவனத்துக்கு, எத்தனை நோயாளிகளுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது?